காலில் விழ வைத்தது நானில்லை

அந்தக் காட்சியை நான் எழுதவில்லை. இதைச் சொல்வதற்காக முசிறி வரைக்கும் பஸ்ஸில் போய் வந்தேன். அங்கே எடுபடவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

டிவி சீரியலின் கடைசிக் காட்சி இதுதான். நாத்தனார் அண்ணியின் காலில் விழுகிறாள். கூடத்துக்குள் மழை பெய்யாது என்பதால் இரண்டு பேரையும் வாசலுக்கு இழுத்துவந்து மழையைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். ஒரு தடவை விழுந்தால் நமக்குப் புரியாதாம். மேலேயிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, கொலுசுக்கு அருகிலிருந்து ஒன்று என்று திரும்பத் திரும்ப விழ வைக்கிறார்கள். "நீங்க தெய்வம் அண்ணி, நான் பாவி" என்று அந்தப் பெண் கதறுகிறாள். தொடக்கத்திலேயே 'வசனம்' என்ற சொல்லுக்குக் கீழே என் பெயர் பளபளவென்று வந்து நின்றுவிட்டுப் போயிருந்தது.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய சந்தில், மாடியில் குடியிருக்கிறேன். கவிதை என்றும் சொல்ல முடியாத, கட்டுரை என்றும் சொல்ல முடியாத சில புத்தகங்கள் போட்டிருக்கிறேன். அவற்றைப் படித்தவர்களை ஒரே ஷேர் ஆட்டோவில் ஏற்றி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பிவிடலாம். டிரைவருக்குப் பக்கத்தில் இடம்கூட மிஞ்சும். அந்த ஆட்டோவில் ஒரு சீரியல் இயக்குநரும் இருந்துவிட்டார். "உங்களுக்குப் பேச்சு நல்லா வருது. வசனம் எழுதறீங்களா?" என்றார். எழுதினேன். கதை அவர்களுடையது. காட்சியின் சுருக்கம் சென்னையிலிருந்து போனில் வரும், யார் யாரிடம் என்ன பேசுகிறார்கள் என்று நான் எழுதி அனுப்புவேன். ஒரு வீடு, ஓர் அண்ணி, ஒரு நாத்தனார், நடுவில் ஆறாத ஒரு கோபம். அதைச் சொட்டுச் சொட்டாக ஆற்றுவதுதான் கதை. அவசரமே இல்லாத கதை. அதனால்தான் ஒப்புக்கொண்டேன்.

எங்கள் ஊர் இலக்கியக் கூட்டத்தில் இது தெரிந்ததும் ஒருவர் டீ கிளாஸோடு வந்து, "என்னங்க மேடம், கிளிசரின் கம்பெனி குடுக்குதா, நீங்களே வாங்கிக்கணுமா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தினமும் செய்திச் சானலில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவதைக் கேட்டுவிட்டு, நாடு முன்னேறிவிட்ட திருப்தியோடு சாப்பிடப் போகிறவர்கள். கிரிக்கெட்டுக்கு ஒரு நாள் முழுக்கக் கொடுப்பார்கள். வீட்டுப் பெண் அரை மணி நேரம் ஒரு கதையின் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் குடும்பம் குட்டிச்சுவராகிவிடும். நான் சிரிக்கவில்லை. டீயும் நன்றாக இல்லை.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் கைலாசபுரத்தில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். அத்தானுக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது. அத்தானின் தங்கை முசிறியில், புருஷனோடு வாழைத் தோட்டம் பார்த்துக்கொள்கிறவள். இந்த இரண்டு பெண்களும் பேசிக்கொள்ளாமல் வருஷங்கள் ஆகியிருந்தன. அக்காவின் மாமியாரைத் தில்லை நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிடுவார் என்று நினைத்து அக்கா முசிறிக்குச் சொல்லவில்லை. வந்தது உடம்புதான். மகள் ஓடி வந்து வாசலில் நின்று, "எங்கம்மாவுக்கு மூச்சு இருக்கறப்ப ஒரு போன் போட உங்களுக்கு விரல் இல்லையா அண்ணி?" என்று கேட்டாள். சாவுக்கு வந்த கூட்டம் முழுக்கக் கேட்டது. அக்கா உள்ளே போய் விளக்குக்கு எண்ணெய் ஊற்றினாள். அதற்குப் பிறகு கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும் ஒருத்தி முதல் பந்தி, இன்னொருத்தி கடைசிப் பந்தி. அக்கா வாயில் அவள் பெயர் வருவதே இல்லை. 'முசிறிக்காரி', அவ்வளவுதான்.

என் சீரியல் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நாளில் முசிறியில் பெருமழை. கேபிள் போய்விட்டது. முந்தின நாள்தான் கதையில் அண்ணி, வீட்டுச் சாவியை நாத்தனார் கையில் கொடுப்பாளா மாட்டாளா என்று நிறுத்தியிருந்தார்கள். முசிறிக்காரி அண்ணனுக்குப் போன் போட்டு, ஆற்றில் தண்ணீர் வருவதைப் பற்றியெல்லாம் பேசிவிட்டு, கடைசியில் தாங்க முடியாமல், "ஏண்ணே, அந்தம்மா சாவியக் குடுத்துச்சா இல்லையா?" என்று கேட்டுவிட்டாள். அத்தானுக்குச் சாவியும் தெரியாது, பூட்டும் தெரியாது. "இந்தா, ஏதோ சாவியாம்" என்று போனை அக்காவிடம் நீட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அக்கா போனைப் பார்த்தாள். "குடுக்கல. முந்தானையிலயே முடிஞ்சு வச்சிருக்கா" என்றாள்.

அந்தப் பக்கத்திலிருந்து, "நெனச்சேன்." வைத்துவிட்டாள்.

மறுநாள் கேபிள் வந்துவிட்டது. இருந்தாலும் விளம்பரம் போட்டவுடன் அக்காவே முசிறிக்கு அடித்தாள். "பாத்தியா, குடுத்துட்டா!"

அன்றிலிருந்து தினமும். கதை ஓடும்போது பேச மாட்டார்கள். விளம்பரம் வந்தால் பேசுவார்கள். சோப்பும் மசாலாப் பொடியும் விற்பதற்காகச் சானல்காரர்கள் வெட்டி வைத்திருந்த அந்த இடைவெளியில் என் அக்காவும் அவள் நாத்தனாரும் குடியேறினார்கள். ஒரு சாயங்காலம் நானும் குவார்ட்டர்ஸில் இருந்தேன். அக்கா பயறு பொறுக்கிக்கொண்டிருந்ததால் போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"அந்த அண்ணிக்காரிக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். என்ன சொல்றீங்க அண்ணி?"

"நீளம்தான். ஆனா மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டா."

"மனசுல ஒண்ணும் இல்லாதவங்க ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

அக்காவின் கை முறத்தின் மேல் நின்றது. என் கதையில் போன் என்ற பேச்சே கிடையாது. எழுதியவளுக்குத் தெரியாதா?

"அவளுக்குப் பயம்மா" என்றாள் அக்கா. "இவ வந்து பாத்துட்டு, எங்கம்மாவ என்ன பண்ணி வச்சிருக்கீங்கன்னு கேட்டுருவாளோன்னு பயம். சரியானதுக்கப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்துட்டா."

"அப்படியா இருக்கும்ங்கறீங்க?"

"அப்படித்தான் இருக்கும். எனக்குத் தோணுது."

"ம். சரி, போட்டுட்டான், பாருங்க."

பேச்சு முடிந்தது. கதை ஓடியது. அக்கா கல்லையும் பயறையும் ஒன்றாகவே போட்டுக்கொண்டிருந்தாள்.

தமிழில் பழக்கம் என்று ஒரு சொல் இருக்கிறது. தினமும் செய்வதும் பழக்கம், ஒருவரோடு நெருங்கி இருப்பதும் பழக்கம். "அவங்க எனக்குப் பழக்கம்" என்கிறோம். காபியும் பழக்கம், பக்கத்து வீடும் பழக்கம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள். தினமும் அதே நேரத்தில் வந்து நிற்காமல் யாரும் யாருக்கும் ஆனதில்லை. சீரியலும் அப்படித்தான். முதல் நாள் யாரென்றே தெரியாது. பிறகு குரல் தெரியும், பிறகு நடை தெரியும், பிறகு அவள் இருமினால் இங்கே ஒருத்தி, "மாத்திரை போட்டாளா இல்லையா பாவம்" என்பாள். நேற்றுவரை பார்த்த முகத்தைத் தூக்கிவிட்டு, 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்துப் போட்டுப் புது ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். எங்கள் சீரியலில் கணவன் வேஷக்காரர் மாறிய அன்றைக்கு முசிறியிலிருந்து வந்த குரலை நானே கேட்டேன்: "நம்ம வீட்டுலயும் இப்படி ஒரு எழுத்துப் போட முடிஞ்சா நல்லா இருக்கும்ல அண்ணி?" அக்கா சிரித்த சிரிப்பில் அத்தான் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார்.

அந்த வாரத்தில்தான் அக்கா முதல் முறையாக 'எங்க நாத்தனார்' என்றாள். நான் கவனித்தேன். அவள் கவனிக்கவில்லை.

சானலில் நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பான ஒருவர் இருந்தார். வயதில் என்னைவிட மிகச் சிறியவர். வீடியோ காலில் வருவார், பின்னால் கண்ணாடிச் சுவர், கையில் காபி. எங்கள் தொடரைச் சாயங்காலத்திலிருந்து தூக்கி மத்தியானத்துக்குப் போட்டார். மத்தியானத்தில் முசிறிக்காரி தோட்டத்தில் இருப்பாள். அதனால் என்ன? அக்கா மத்தியானம் பார்த்து, விளக்கேற்றிய பிறகு போனில் கதை சொன்னாள். சீரியல் அரை மணி, அக்கா சொன்னது முக்கால் மணி. ஆள் கலையவில்லை, இடம் மாறி உட்கார்ந்தது. இதை எந்தப் பெட்டி அளக்கும்? எந்த வீட்டில் கருவி வைத்து எண்ணுவார்கள்?

"மேடம், ரேட்டிங் நம்பர் வரல" என்றார் அவர்.

"வரும் சார். ஜனங்க பழகிட்டு வர்றாங்க. இப்பத்தான் பிடிக்குது."

"பழகறதுக்கு யாருக்கு மேடம் டைம் இருக்கு? எல்லாரும் போன்ல தள்ளிக்கிட்டே இருக்காங்க. மொத வாரத்துலயே பத்திக்கணும். பத்தலேன்னா ஈர வெறகு, ஊதிக்கிட்டு இருக்க முடியாது."

"மத்தியானத்துக்கு மாத்தினது நீங்கதானே சார்?"

"அதுவும் ஒரு டெஸ்ட்தான் மேடம். முடிச்சிருவோம். இந்த வாரத்தோட."

இந்த வாரத்தோட. மாதக்கணக்கில் ஆற்ற வேண்டியதை வாரக் கடைசிக்குள் ஆற்ற வேண்டும். செடியை வைத்துவிட்டு மறுநாள் காலையில் பிடுங்கி வேர் விட்டிருக்கிறதா என்று பார்க்கிறவன், இந்த மண்ணில் எதுவும் முளைக்காது என்று எனக்கு வகுப்பெடுக்கிறான். ஜனங்களுக்குப் பொறுமை இல்லையாம்! பொறுமை இல்லாதவர்கள் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். ஜனங்கள் ஊர்ப்பட்ட கடத்தலையும், பாலில் கலந்த விஷத்தையும், இடிச் சத்தத்தோடு விழும் அறையையும் பொறுத்துக்கொண்டு, இதற்கு நடுவில் எங்கேயாவது நம்மைப் போல ஒருத்தி பேசமாட்டாளா என்று காத்துக்கொண்டிருக்கிறார்கள். சீரியலுக்கு இனிமேல் நாளாக நாளாக ஆள் சேருமா என்று கேட்கிறார்கள். சேரும். சேர்வதற்கு நாளைக் கொடு.

சரி, முடி என்றால் முடிக்கிறேன் என்று உட்கார்ந்தேன். கடைசிக் காட்சியைச் சமையலறையில் வைத்தேன். அண்ணியும் நாத்தனாரும் வாழைப்பூ ஆய்கிறார்கள். வாழைப்பூ ஆய அவசரப்பட முடியாது. ஒவ்வொரு பூவாகப் பிரித்து, உள்ளே இருக்கும் நரம்பை எடுத்து, மோரில் போட வேண்டும். நாத்தனார் வெறுங்கையால் ஆய்கிறாள். அண்ணி அவள் விரலைப் பார்க்கிறாள். "கறை புடிச்சுக்கிச்சு பாரு. கையில எண்ணெய் தடவிக்கிட்டு உக்காரக் கூடாதா?" என்று எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்துகிறாள். நாத்தனார் தடவிக்கொள்கிறாள். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற சொல் எங்கேயும் கிடையாது. அனுப்பினேன். "சூப்பர் மேடம்" என்று பதில் வந்தது.

கடைசி நாளைப் பார்ப்பதற்காகக் கைலாசபுரம் போனேன். முசிறிக்காரி அன்று தோட்டத்துக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். விளம்பரம் வந்ததும் பேசினார்கள். "இன்னிக்கு ரெண்டு பேரும் சேர்ந்துருவாங்க, பாருங்க அண்ணி" என்றாள். குரலில் அப்படி ஒரு சிரிப்பு. நானும் கேட்டேன்.

பிறகு மழை பெய்தது.

முதல் தடவை விழுந்தபோது அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டாவது தடவை விழுந்தபோது, "ஏண்டி, இப்படியா எழுதுவ?" என்றாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். எழுத்துகள் ஓடி முடிவதற்குள் போன் அடித்தது.

"உங்க தங்கச்சிய வச்சு என்னைக் கால்ல விழ வச்சுட்டீங்கல்ல அண்ணி?"

"அய்யோ, இல்லம்மா..."

"நான் பாவி, நீங்க தெய்வம். அதானே? எங்கம்மாவைச் சொல்லாம கொள்ளாம அனுப்பினது நீங்க. கால்ல விழறது நானு. நல்லா இருக்கு உங்க கதை."

வைத்துவிட்டாள். அக்கா மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். அணைத்து வைத்திருந்தாள்.

நான் மொட்டை மாடிக்குப் போய்ச் சானல்காரரைக் கூப்பிட்டேன். "சார், அந்தக் கடைசி சீன் நான் எழுதல."

"தெரியும் மேடம். ஸ்பாட்ல பண்ணினோம். வாழைப்பூ சீன்ல எமோஷன் இல்ல. ஆனா பாருங்க, இந்தக் கால்ல விழற க்ளிப் போன்ல நல்லா ஓடுது. உங்க பேர்லதானே போகுது, சந்தோஷப்படுங்க."

நான் சொன்னதை இங்கே அச்சில் போட முடியாது. அவர் சிரித்துக்கொண்டே வைத்தார்.

மறுநாள் சத்திரத்தில் முசிறி பஸ் ஏறினேன். வழி நெடுக வாழையும் காவிரியும். எதையும் ரசிக்கிற நிலைமையில் இல்லை. அவள் வீட்டு வாசலில் தார்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "வாங்க" என்றாள், "காபி சாப்பிடறீங்களா?" என்றாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அதை நான் எழுதலைங்க" என்றேன். "நான் வேற எழுதியிருந்தேன். செட்ல மாத்திட்டாங்க."

"யாரு மாத்தினா?"

"சானல்ல யாரோ. யாருன்னு தெரியல."

"யாரோ எழுதினதுக்கு உங்க பேரைப் போடுவாங்களா?"

"போடுவாங்க."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப எதுக்கு அந்தப் பொழப்பு?"

நான் எழுதியதைக் காட்டப் போனை எடுத்தேன். வேண்டாமென்று கையைக் காட்டினாள். "அது என்னத்துக்குங்க? இந்தத் தெருவுல பாதிப் பேர நாந்தான் பாக்க வச்சேன். எங்க அண்ணியோட தங்கச்சி எழுதறது, எங்க வீட்டுக் கதை மாதிரியே இருக்கும், பாருங்க பாருங்கன்னு வீடு வீடாச் சொன்னேன். அவங்களும் பாத்தாங்க. அதுல நாத்தனார் யாரு, அண்ணி யாருன்னு எல்லாருக்கும் தெரியும். இன்னிக்குக் காலைல தண்ணி புடிக்கப் போறேன், ஒருத்தி கேக்கறா, 'என்னக்கா, அண்ணி மன்னிச்சுட்டாங்களா?'ன்னு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

அந்தச் சானல்காரர் அங்கே இருந்திருக்க வேண்டும். ஆள் சேரவில்லை என்றாரே, ஒரு தெருவையே சேர்த்து வைத்திருந்தாள் இவள். ஒரு பைசா விளம்பரம் இல்லாமல், வீடு வீடாகப் போய், நாள் நாளாகச் சேர்த்தாள். சேர்த்த அத்தனை பேர் முன்னாலும் அவளைச் சேற்றில் தள்ளிவிட்டு, க்ளிப் நல்லா ஓடுது என்கிறார்கள். காபி ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

போன வாரம் சானலிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். புதுத் தொடர், அதே மத்தியானம். முதல் நாளே மணமேடையிலிருந்து பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறார்களாம். "தூக்கிட்டுப் போறவன்கிட்டயே வசனத்தையும் கேட்டு வாங்கிக்குங்க" என்று வைத்துவிட்டேன். இதில் ஒரு வீரமும் இல்லை. எழுத வேறொருவர் வந்திருப்பார். 'இவருக்குப் பதில் இவர்' என்ற எழுத்துகூட வசனம் எழுதுகிறவளுக்குப் போட மாட்டார்கள்.

அக்கா மட்டும் தினமும் விளக்கேற்றிவிட்டு முசிறிக்கு அடிக்கிறாள். முதலில் மணி ஒரு தடவை அடித்ததுமே முசிறிக்காரி துண்டித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன்க்கா, மரியாதை கெட்டுப் போய் எதுக்கு இப்படித் தொங்கிக்கிட்டு இருக்க? விட்டுத்தொலை. எடுக்கறவளா இருந்தா இதுக்குள்ள எடுத்திருக்க மாட்டாளா?"

"நீ பேசாத. அந்தச் சானல்காரனாட்டமே பேசற."

கொஞ்ச நாளில் முசிறிக்காரி துண்டிப்பதை நிறுத்திவிட்டாள், மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. "கட் பண்ணல, பாத்தியா?" என்றாள் அக்கா, ஏதோ எடுத்துப் பேசிவிட்டது மாதிரி. என் கோபம் ஆறவில்லை. எனக்கு இவளுடைய பொறுமையைப் பார்த்தாலும் கோபம் வருகிறது, இவளைப் பொறுக்க வைத்தவர்களை நினைத்தாலும் வருகிறது.

நேற்று நான் போனபோது அக்கா போனும் கையுமாக, டிவிக்கு முன்னால் ரிமோட்டை வைத்து ஒவ்வொரு சானலாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"எடுத்தாடி! ஹலோன்னுகூடச் சொல்லல. ஆனா எடுத்து அப்படியே வச்சிருந்தா. பின்னாடி டிவி ஓடற சத்தம் கேட்டுது. யாரோ ஒருத்தி அழுதா, இன்னொருத்தி போடி வெளியிலங்கறா. என்ன சீரியல்னு தெரியல."

"அதைத் தெரிஞ்சுக்கிட்டு?"

"அதைத் தெரிஞ்சுக்கிட்டாத்தானே நாளைக்கு விளம்பரம் எப்ப வரும்னு தெரியும்?" என்றாள் அக்கா. "தள்ளு, மறைக்காத."